பழைய எச்.எம்.டி. வாட்ச்: ஆன்லைனில் முதல்முறை வாங்குவோருக்கும் விற்போருக்கும்

பழைய வாட்ச் வாங்க ஆசை என்று யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது சாவி கொடுக்கும் எச்.எம்.டி. ஜனதா அல்லது பைலட் மாடலைத்தான். ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் துணையோடு 1961-ல் பெங்களூரில் ஆரம்பித்த தொழில் அது. கம்பெனியை மூட 2016-ல் மத்திய அரசு முடிவெடுத்தது, ஆனாலும் பழைய வாட்ச் ரிப்பேர் கடைக்காரர் பலருக்கு இந்த மெஷின் இன்றும் கைவந்த வேலை.

முதலில் டயலைப் பாருங்கள். பழைய டயலைச் சுரண்டிப் புதுப் பெயின்ட் அடித்து விற்பதற்கு சேகரிப்பவர்களிடையே 'மும்பை ஸ்பெஷல்' என்றே பெயர் உண்டு. போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தால் எழுத்து தடித்திருக்கும், நிமிடக் கோடுகள் ஒன்று நீளம் ஒன்று குட்டை என்று இருக்கும். பைலட் என்றால் பொதுவாகக் கறுப்பு டயல். ஆரஞ்சு, ஊதா என்று பளபளத்தால் பெரும்பாலும் பெயின்ட்தான். நான் வாங்கிய முதல் பைலட் அப்படித்தான், இரண்டே மாதத்தில் ஓரம் உரிந்து கண்ணாடிக்குள் துகளாக விழுந்தது, எனக்கு அப்போது மனசே விட்டுப்போயிற்று. அதிலிருந்து லேசாக மஞ்சளேறிய, ஓரிரு புள்ளி விழுந்த டயலைத்தான் நம்பி வாங்குகிறேன்.

அடுத்து, பின்மூடியைத் திறந்து மெஷினைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எச்.எம்.டி. பெயரும் 17 ஜூவல்ஸ் (தேய்மானம் குறைக்க உள்ளே பதிக்கும் சின்னக் கற்கள்) என்பதும் அதில் தெரிய வேண்டும், துரு இருக்கக் கூடாது. திறக்க முடியாது என்கிறாரா? சரி, விட்டுவிட்டு அடுத்ததைத் தேடுங்கள். விநாடி முள் ஓடுவதை ஒரு வீடியோவும் கேளுங்கள். முழுதாகச் சாவி கொடுத்தால் ஒரு நாளைக்கு மேல் ஓட வேண்டும். விலை பேசும்போது சர்வீஸ் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள், 'சர்வீஸ் செய்தது' என்ற வார்த்தையை மட்டும் நம்பி அதிகம் கொடுக்காதீர்கள்.

பணம் விஷயம். உள்ளூர் என்றால் நேரில் பார்த்து, கையில் கட்டிப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். ராணுவத்தில் இருக்கிறேன், மாற்றலாகிப் போகிறேன், முன்பணம் அனுப்புங்கள் என்று அடையாள அட்டையைக் காட்டுகிறவரிடம் பேச்சையே நிறுத்திவிடுங்கள்.

விற்கும்போது இதே கதை உங்கள் பக்கம் வரும்: 'க்யூஆர் கோடு அனுப்புகிறேன், ஸ்கேன் செய்தால் உங்களுக்குப் பணம் வரும்' என்பார்கள். பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் போட வேண்டியதே இல்லை, பின் கேட்டால் உங்கள் கணக்கிலிருந்துதான் பணம் போகிறது.

போட்டோ பகல் வெளிச்சத்தில், ஃபில்டர் இல்லாமல், கீறல் உள்ள இடத்தைத் தனியாகக் காட்டி எடுங்கள். கண்ணாடி மாற்றியிருந்தால், சாவி வேறு வாட்சினுடையது என்றால், அதையும் எழுதிவிடுங்கள். விலை கொஞ்சம் குறையும், ஆனால் விற்ற வாட்ச் திரும்பி வராது. அனுப்பும்போது பபுள் ஷீட்டில் சுற்றி, குலுக்கினால் அசையாத பெட்டியில் வைத்து, ஒட்டி முடிக்கும்வரை ஒரே வீடியோவாக எடுத்து வையுங்கள். வந்தபோதே முள் கழன்றிருந்தது என்று வாங்கியவர் சொன்னால் இருவரும் பார்த்துப் பேசுவதற்கு அது வேண்டும்.