உயிர்வேலி முள்ளும் சிக்கிமுக்கிக் கல்லும்: இங்கிலாந்துக் குளிர்காலத்துக்கு ரோடு சைக்கிள் டயர்

தென் இங்கிலாந்தில் இலையுதிர்கால மழை பிடித்ததும் ரோடு சைக்கிள்களுக்குப் பஞ்சர் தொல்லையும் பிடித்துக்கொள்ளும். கென்ட், சர்ரே, சசெக்ஸ், சில்டர்ன்ஸ் குன்றுகள் பக்கம் பல இடங்களில் சுண்ணப்பாறை நிலம். அந்தப் பாறைக்குள் சிக்கிமுக்கிக் கல் கிடக்கிறது. மழைநீர் அதை மண்ணோடு சேர்த்துச் சாலைக்கு இழுத்து வருகிறது. உடைந்த சிக்கிமுக்கியின் விளிம்பு கத்திக்கூர். இது போதாதென்று உயிர்வேலி வேறு. பறவைகள் கூடு கட்டும் காலம் என்பதால் மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை விவசாயிகள் வேலியை வெட்டக் கூடாது என்பது இங்கிலாந்து விதி. ஆகவே வெட்டு வேலை செப்டம்பருக்கும் பிப்ரவரிக்கும் இடையில்தான் நடக்கிறது. அப்போது ஹாதார்ன், பிளாக்தார்ன் என்னும் முட்செடிகளின் கிளைகள் சிதறிச் சாலையோரம் கிடக்கும். நம் ஊர்ச் சீமைக்கருவேல முள்ளை மிதித்தவர்களுக்கு அவை என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. இத்தனைக்கும் மேல் ஈரம். நனைந்த ரப்பரில் தண்ணீரே மசகாகிவிடுவதால், காய்ந்த சாலையில் கீறிவிட்டுப் போகும் கல் மழையில் உள்ளே இறங்கிவிடுகிறது.

பஞ்சரே ஆகாத டயர் என்று யாராவது விற்றால் நம்ப வேண்டாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கல்லோ முள்ளோ பட்ட நொடியிலேயே டியூபைத் தொடுவது குறைவு. முதலில் ரப்பரில் சொருகிக்கொள்ளும். 28 மி.மீ. அகல டயர் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 470 முறை சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் அந்தக் கல் தரையில் பட்டு இன்னும் கொஞ்சம் உள்ளே போகும். இன்று குத்தியது அடுத்த வாரம் காற்றை இறக்கலாம். நல்ல டயர் நமக்கு வாங்கித் தருவது அந்த அவகாசத்தைத்தான். அதற்குள் கல்லைப் பிடுங்கி எறிவது நம் வேலை. விலை உயர்ந்த டயரை மாட்டிவிட்டு மார்ச் வரை திரும்பிப் பார்க்காதவரைவிட, நடுத்தர டயரை வாராவாரம் சோதிப்பவருக்குப் பஞ்சர் குறையும்.

எதை வாங்குவது

டயருக்குள் இருக்கும் பாதுகாப்புப் பட்டையில் இரண்டு வகை உண்டு. ஒன்று, வெக்ட்ரன், கெவ்லார் போன்ற எளிதில் அறுபடாத நூலில் நெய்த மெல்லிய பட்டை. சிக்கிமுக்கி, கண்ணாடி போல அறுக்கிற பொருள்களை இது நன்றாகத் தடுக்கும், கனமும் ஏறாது. ஆனால் மெல்லிய நீண்ட முள் நெசவின் இடுக்கில் நுழைந்துவிடலாம். மற்றது தடித்த ரப்பர் மெத்தை. ஷ்வால்பே மாரத்தான் பிளஸ் டயரில் இந்த மெத்தை 5 மி.மீ. கனம். முள் முழுதாக இறங்கினாலும் பெரும்பாலும் டியூபை எட்டாது. அதற்கு விலை, டயரின் எடை இரண்டு மடங்குக்கும் மேலாவதும் ஓட்டம் மந்தமாவதும். தினமும் வேலைக்குப் போய்வர, தாமதமே கூடாது என்பவர்களுக்கு அது சரி. ஞாயிறு காலையில் 80 கிலோமீட்டர் போகிறவர் அதை மாட்டினால் பாதி வழியில் கால் கெஞ்சும்.

டியூபோடு ஓட்டும் ரோடு சைக்கிளுக்கு முதலில் பார்க்க வேண்டியது கான்டினென்டல் கிராண்ட் பிரீ 4-சீசன். தரையில் படும் பகுதிக்கு அடியில் இரண்டு வெக்ட்ரன் பட்டைகள், பக்கச்சுவரில் டியூராஸ்கின் என்னும் நெய்த உறை, குளிரிலும் ஈரத்திலும் இறுகிப்போகாத ரப்பர் என மூன்றும் ஒரே டயரில் உள்ளன. அதே நிறுவனத்தின் கேட்டர்ஸ்கின் விலை குறைவு, உழைப்பும் அதிகம், பஞ்சரையும் நன்றாகத் தாங்கும். குறை ஒன்றுதான்: ஈரச் சாலையில் பிடிப்புப் போதாது. ஏற்ற இறக்கமில்லாத ஊர்ச்சாலைக்குப் பரவாயில்லை. நனைந்த இலை கிடக்கும் சர்ரேயின் பாக்ஸ் ஹில் குன்று இறக்கத்தில் அதை முன்சக்கரத்தில் மாட்டிக்கொண்டு இறங்க வேண்டாம். பின்சக்கரம் வழுக்கினால் சமாளிக்கலாம், முன்சக்கரம் வழுக்கினால் கீழே விழுவதுதான். செலவைக் குறைக்க வேண்டுமானால் பின்னால் கேட்டர்ஸ்கின், முன்னால் 4-சீசன் என்று போடுவது நல்ல ஏற்பாடு. பஞ்சர் பெரும்பாலும் எடை தாங்கும் பின்சக்கரத்தில்தான் ஆகிறது என்பதால் கணக்கும் ஒத்துவரும்.

டயரின் மேலுள்ள வரிகளைப் பார்த்து மயங்காதீர்கள். சைக்கிள் போகும் வேகத்தில் குறுகிய ரோடு டயர் தண்ணீர்மேல் மிதக்காது. பிடிப்பைத் தருவது ரப்பரின் கலவையும் காற்றின் அளவும்தான். உறைபனி மட்டும் தனிக் கதை. அதில் ஆணி பதித்த டயரைத் தவிர எதுவும் நிற்காது.

அகலத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். சட்டகம் இடம் கொடுத்தால் 28, டிஸ்க் பிரேக் சைக்கிளாக இருந்தால் 30 அல்லது 32. பக்கச்சுவரில் 28-622 என்று அச்சிட்டிருப்பதில் முதல் எண் அகலம், இரண்டாவது ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் விட்டம். ரிம் அகலமாக இருந்தால் 28 என்று போட்ட டயரே 30 வரை விரியும். எனவே மாட்டி, காற்றடித்த பிறகு அளந்து பாருங்கள். 4 மி.மீ. ஆலன் கீ ஒன்றை டயருக்கும் ஃபோர்க்குக்கும், டயருக்கும் மட்கார்டுக்கும் இடையே எல்லாப் பக்கமும் விட்டுப் பாருங்கள். தடையில்லாமல் போக வேண்டும். அதைவிட இடுக்கமாக இருந்தால் சேறும் இலையும் அடைத்துக்கொண்டு டயரையும் பெயின்டையும் தேய்க்கும். ரிம் பிரேக் போட்ட பழைய சட்டகங்கள் பலவற்றில் மட்கார்டோடு 25தான் நுழையும். அங்கே 28ஐத் திணிக்க வேண்டாம்.

உங்கள் ரிம் ஹுக்லெஸ் வகையா, அதாவது டயரைப் பிடிக்கும் கொக்கி விளிம்பு இல்லாததா என்பதை வாங்கும் முன்பே பாருங்கள். அதில் அதற்கென்று அனுமதித்த டியூப்லெஸ் டயர் மட்டுமே போட வேண்டும், காற்றும் 5 பாரைத் தாண்டக் கூடாது. அதாவது பம்பின் அளவுமானியில் காட்டும் அழுத்த அலகில் 72 பிஎஸ்ஐ. கேட்டர்ஸ்கின், 4-சீசன் இரண்டுமே அந்த ரிம்முக்கு ஆகாது, கழன்று வெடிக்கலாம்.

காற்று எவ்வளவு

சுமார் 75 கிலோ எடையுள்ளவர் டியூபோடு 28 மி.மீ. ஓட்டினால் முன்னால் 65, பின்னால் 70 பிஎஸ்ஐயில் தொடங்கலாம். 25 மி.மீ. என்றால் முன்னால் 80, பின்னால் 85. கனமானவர்கள் 5 கிலோவுக்கு 3 பிஎஸ்ஐ வீதம் கூட்டுங்கள். மழை நாளில் 5 குறைத்தால் பிடிப்புக் கூடும். கல்லென்று இறுக அடித்தால் பஞ்சர் குறையும் என்று நினைப்பது தவறு. இறுகிய டயர் கல்மேல் வளைந்து கொடுக்காது, கல்தான் அதற்குள் போகும். அதற்காக மிகவும் தளர்த்திவிட்டால் குழியில் விழும்போது ரிம்முக்கும் குழி விளிம்புக்கும் நடுவே டியூப் நசுங்கும்.

குளிரில் காற்று சுருங்குவதையும் கணக்கில் எடுங்கள். 20 டிகிரி இருக்கும் வீட்டுக்குள் 80 பிஎஸ்ஐ அடித்த டயர், 0 டிகிரி வெளியே போனால் 73, 74க்கு இறங்கிவிடும். வழக்கமான பியூட்டைல் ரப்பர் டியூப் தானாகவும் மெல்ல இறங்கும். அளவுமானி உள்ள நிற்கும் பம்பால் ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் பார்த்துவிடுவது நல்லது. கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பதை நம்ப முடியாது. தடித்த டயர் 50 பிஎஸ்ஐயிலும் கெட்டியாகத்தான் தெரியும்.

மாட்டும்போது

பட்டை தடித்த டயர்கள் மாட்டச் சிரமம் தரும். புதிய டயரை இரவே வெதுவெதுப்பான அறையில் விரித்து வைத்தால் கொஞ்சம் இளகும். டியூபில் உருண்டை வரும் அளவுக்கு மட்டும் காற்று ஊதி, லேசாக டால்கம் பவுடர் தடவி உள்ளே வையுங்கள். வால்வுக்கு எதிர்ப்புறத்தில் தொடங்கி, இரு பக்கமும் சமமாகத் தள்ளிக்கொண்டு வந்து வால்வில் முடிக்க வேண்டும். கடைசிக் கொஞ்சம் ஏற மறுத்தால் பலத்தைக் காட்டாதீர்கள். சுற்றிலும் டயரின் விளிம்பைக் கிள்ளி ரிம்மின் நடுப்பள்ளத்துக்குள் தள்ளிவிட்டால் 1, 2 செ.மீ. தளர்வு கிடைக்கும். லீவரால் நெம்பி ஏற்றினால் புது டியூபில் ஓட்டை விழுவதற்கு வாய்ப்பு அதிகம். டயரின் பெயர் எழுத்து வால்வுக்கு நேராக வரும்படி மாட்டுங்கள். இது அழகுக்காக இல்லை, பஞ்சர் ஆனால் தேடப் பயன்படும்.

ரிம்மின் ஸ்போக் துளைகளை மூடும் ரிம் டேப்பையும் அப்போதே பாருங்கள். ஸ்போக் துளை ஒன்றின் ஓரம் தெரிந்தாலும் அதை மாற்றிவிட வேண்டும். டயருக்கும் டியூபுக்கும் இடையே வைக்கும் பிளாஸ்டிக் பட்டையைப் பலர் கேட்கிறார்கள். நல்ல டயருக்கு அது தேவையில்லை. அதன் முனையே டியூபைத் தேய்த்து ஓட்டையாக்கும்.

வாராந்தரச் சோதனை

மழையில் போய்வந்ததும் டயரைத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். சாலையில் தூவிய உப்பும் சேறும் போகும். பெட்ரோல், மண்ணெண்ணெய், பளபளப்பு மருந்து எதுவும் ரப்பரில் படக் கூடாது. காய்ந்ததும் காற்றை 30 பிஎஸ்ஐக்கு இறக்கி, டார்ச் வெளிச்சத்தில் கையகலம் கையகலமாகச் சக்கரத்தைத் திருப்பிக்கொண்டு வாருங்கள். இரு பக்கச்சுவரையும் விரல்களால் அழுத்தினால் மேல்தளத்திலுள்ள வெட்டுகள் வாய் திறக்கும். கறுப்பு ரப்பருக்குள் கருஞ்சாம்பல் நிறச் சிக்கிமுக்கி கண்ணுக்குத் தெரியாது. மொட்டை முனை உள்ள சிறு ஊக்கையோ மெல்லிய ஸ்குரூடிரைவரையோ வெட்டுக்குள் விட்டு மெதுவாக இழுங்கள். ரப்பர் என்றால் வழுவழுவென்று போகும், கல் இருந்தால் நற என்று ஒரு சத்தம் வரும். அரிசிக் குருணை அளவுதான் இருக்கும். முனையைக் கல்லின் பக்கவாட்டில் கொடுத்து வெளியே நெம்புங்கள், ஒருபோதும் கீழ்நோக்கி அழுத்தாதீர்கள். முள் என்றால் தலை முறிந்து பழுப்புப் புள்ளியாகத் தெரியும், சாமணத்தால் பிடித்து இழுக்கலாம். எடுத்ததும் புஸ் என்று காற்று வந்தால் கவலை வேண்டாம், வீட்டில் வைத்தே பஞ்சரைப் பிடித்துவிட்டீர்கள்.

2, 3 மி.மீ. வெட்டுகளை அப்படியே விட்டால் அடுத்த கல் அதே வாயில் போய் உட்காரும். ஸ்பிரிட்டால் துடைத்து, நன்றாகக் காய்ந்தபின் சூப்பர் குளூ ஒரு சொட்டு விட்டு, வெட்டு மூடும்படி ஒரு நிமிடம் பிடியுங்கள். இரவு முழுவதும் ஆறட்டும். இதனால் டயருக்குப் பலம் கூடாது, வாய் மட்டும் மூடும். வெட்டு 5 மி.மீ. தாண்டினால், உள்ளே நூல் அறுந்து தெரிந்தால், அல்லது எங்காவது புடைத்திருந்தால் அந்த டயரை வீசிவிடுங்கள்.

பஞ்சர் ஆனபின்

காரணம் தெரியாமல் புது டியூபைப் போட்டால் 5 நிமிடத்தில் அதுவும் போகும். கழற்றிய டியூபில் காற்றடித்து ஓட்டை எங்கே என்று பாருங்கள். வெளிப்பக்கம் ஒற்றை ஓட்டை என்றால் கல், முள், கம்பி. அடுத்தடுத்து இரண்டு கீறல் என்றால் டியூப் நசுங்கியிருக்கிறது, காற்றுக் குறைவு. ரிம்மைப் பார்த்த உள்பக்கம் என்றால் ரிம் டேப் நகர்ந்திருக்கிறது. வால்வின் அடியில் கிழிந்திருந்தால் காற்றுக் குறைந்து டயர் நகர்ந்து வால்வை இழுத்திருக்கலாம், அல்லது வால்வு நட்டை அளவுக்கு மீறி முடுக்கியிருக்கலாம்.

வெளிப்பக்க ஓட்டை என்றால் டியூபை வால்வோடு பொருத்தி டயர்மேல் வைத்தால், குத்திய இடம் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ என்று இரண்டே இடங்களில் தேடினால் போதும். உள்ளே வெறும் விரலை விட்டுத் தடவ வேண்டாம். துணியை விட்டு இழுத்தால் நூல் சிக்கும் இடத்தில் முள் இருக்கும். லாரி டயர்களிலிருந்து உதிரும் மெல்லிய எஃகுக் கம்பிதான் கண்ணில் படாத திருடன். டயரை உள்வெளியாக மடக்கினால்தான் அதன் நுனி நீட்டும்.

சாலையோரத்தில், ஈரத்தில், விறைத்த விரலோடு ஒட்டுப் போடுவது நடக்காது. சொல்யூஷன் காயாது, பசையுள்ள ஒட்டு நனைந்த டியூபில் நிற்காது. டியூப் இரண்டு, பிளாஸ்டிக் லீவர் இரண்டு, சிறு பம்ப், நைட்ரைல் கையுறை ஒரு ஜோடி, பழைய டயரின் பக்கச்சுவரில் வெட்டிய 3 செ.மீ. துண்டு ஒன்று இருந்தால் போதும். பெரிய கிழிசல் என்றால் அந்தத் துண்டை உள்ளே வைத்து, காற்றைக் குறைத்து அடித்து வீடு வரலாம். டியூப்களை ஒரு பழைய சாக்ஸுக்குள் போட்டு வையுங்கள். இல்லாவிட்டால் பையிலுள்ள ஆலன் கீயே உரசி அவற்றை ஓட்டையாக்கிவிடும்.

டியூப்லெஸ் வைத்திருப்பவர்களுக்கு

கான்டினென்டல் கிராண்ட் பிரீ 5000 ஏஎஸ் டிஆர் போன்ற டியூப்லெஸ் டயர்களில், முள் குத்தும் சிறு ஓட்டையை உள்ளே ஊற்றிய சீலன்ட் என்னும் அடைப்புத் திரவம் தானே அடைத்துவிடும். வேலி வெட்டும் மாதங்களில் இது பெரிய நிம்மதி. 28 மி.மீ. டயருக்கு 40 மி.லி. ஊற்றி, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வால்வு வழியே குச்சி விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் ரப்பர்ச் சவ்வாகக் கிடக்கும், ஒன்றும் அடைக்காது. 70 பிஎஸ்ஐக்கு மேல் போனால் சீலன்ட் கட்டுவதற்குள் பீறிட்டு வெளியே வந்துவிடும் என்பதால், அகல டயரும் குறைந்த காற்றும்தான் இதற்குப் பொருத்தம். ஓட்டை சற்றுப் பெரிதென்றால் அடைப்புத் திரி சொருக வேண்டும். அதோடு ஒரு டியூபும் எடுத்துப்போங்கள். அந்த டியூபை மாட்டும் முன் டயருக்குள் இருக்கும் முட்களை எல்லாம் பிடுங்குவது முக்கியம். சீலன்ட் அடைத்து வைத்த முட்கள் நான்கைந்து அங்கே உங்களுக்குத் தெரியாமலே இருக்கும்.

பின்டயர்தான் முதலில் தேயும். நடுப்பகுதி தட்டையானாலோ, கான்டினென்டல் டயர்களில் உள்ள இரண்டு சிறு குழிகள் மறைந்தாலோ மாற்றும் நேரம் வந்துவிட்டது. அப்போது முன்டயரைப் பின்னால் போட்டு, புதியதை முன்னால் மாட்டுங்கள். தேய்ந்த பின்டயரை முன்னால் கொண்டுவர வேண்டாம்.