இறந்தவர்களைக் கொள்ளைநோய்க்கு முந்தைய ஆண்டில் புதைக்காதீர்கள்: இடைக்கால இங்கிலாந்து ஆவணங்களைப் படிப்பதில் வரும் தவறுகள்

இடைக்கால இங்கிலாந்தின் ஆவணங்களைப் புதிதாகக் கையில் எடுப்பவர்கள் விழும் குழிகள் பெரும்பாலும் ஒன்றேதான். நாங்களும் அவற்றில் விழுந்து எழுந்தவர்கள்தாம். லத்தீன் கற்றுக்கொள்ளுங்கள், ஏட்டை ஈரக் கையால் தொடாதீர்கள் என்பதையெல்லாம் யாரும் சொல்லிவிடுவார்கள். சொல்லித் தந்தும் திரும்பத் திரும்ப நடப்பது வேறு.

ஆட்சியாண்டை அப்படியே கூட்டுவது

அக்கால ஆவணங்கள் பெரும்பாலும் மன்னர் ஆட்சிக்கு வந்து எத்தனையாவது ஆண்டு என்றே நாளைக் குறிக்கும், அதுதான் ஆட்சியாண்டு. ஜான் மன்னர் 1215இல் வழங்கிய உரிமைச் சாசனமான மேக்னா கார்ட்டாவில் 1215 என்ற எண்ணே கிடையாது. ரன்னிமீட் புல்வெளி, ஜூன் 15, "நமது ஆட்சியின் பதினேழாம் ஆண்டு" என்றுதான் அது முடிகிறது. ஜான் முடிசூடியது 1199இல். உடனே 17ஐக் கூட்டி 1216 என்று எழுதிவிடுகிறார்கள். முடிசூடிய அன்றே முதலாம் ஆண்டு பிறந்துவிடுகிறது. ஆகவே 16ஐத்தான் கூட்ட வேண்டும்.

இதைத் தெரிந்துகொண்டவர்களும் அடுத்த படியில் சறுக்குகிறார்கள். நமக்கு எரிச்சல் மூட்டுவது அந்தச் சறுக்கல்தான், ஏனென்றால் அது வெளியே தெரியாது. ஒரு மேனரின், அதாவது ஒரு பிரபுவின் பண்ணை நிலப்பகுதியின், நீதிமன்றச் சுருளின் தலைப்பில் இப்படி இருக்கிறது என்று வையுங்கள்: "மூன்றாம் எட்வர்டின் 22ஆம் ஆண்டு, புனித ஹிலாரி திருநாளுக்கு அடுத்த வியாழன்." எட்வர்டின் ஆட்சி தொடங்கிய 1327உடன் 21ஐக் கூட்டினால் 1348. ஹிலாரி திருநாள் ஜனவரி 13. அப்படியானால் ஜனவரி 1348 என்று எழுதிவிட்டு அடுத்த சுருளுக்குப் போய்விடுகிறார்கள்.

தவறு. எட்வர்டின் ஆட்சியாண்டு ஜனவரி 1 அன்று பிறப்பதில்லை, ஜனவரி 25 அன்று பிறக்கிறது. 22ஆம் ஆண்டு என்பது 1348 ஜனவரி 25 முதல் 1349 ஜனவரி 24 வரை. அந்த ஓராண்டுக்குள் ஜனவரி 13 ஒரே ஒருமுறைதான் வருகிறது, அதுவும் 1349இல். அன்று செவ்வாய்க்கிழமை. ஆகவே அடுத்த வியாழன் 1349 ஜனவரி 15. தவறான ஆண்டை எடுத்தவருக்கு ஜனவரி 13 ஞாயிறாகிவிடும், வியாழன் 17ஆம் தேதிக்குப் போய்விடும். ஆண்டும் போயிற்று, நாளும் போயிற்று.

ஓராண்டுதானே என்று தோன்றலாம். கொள்ளைநோய் இங்கிலாந்தின் தென்கரைக்கு, டோர்செட்டின் மெல்கூம் துறைக்கு, வந்தது 1348 கோடையில். குடியானவர் ஒருவர் இறந்தால் அவர் வீட்டின் சிறந்த மாட்டைப் பிரபு எடுத்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. அதற்கு ஹெரியட் என்று பெயர். அந்த ஜனவரிச் சுருளில் ஹெரியட் வரிசையாக வருகிறது என்றால், அந்த மாடுகள் ஒவ்வொன்றும் ஒரு சாவு. ஆண்டைத் தவறவிட்டால் நோய் கரையேறுவதற்கு ஐந்து மாதம் முன்பே ஊர் செத்துவிடும். பிறகு அதற்குக் காரணம் தேடிப் பஞ்சம், வரி என்று பக்கம் பக்கமாக எழுதுவார்கள். ஒரு பெருந்துயரத்தின் சாட்சியத்தை இப்படிச் சிதைத்துவிடுவதைப் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை.

ஜான் மன்னரின் காலம் இன்னும் சிக்கல். அவர் முடிசூடியது விண்ணேற்றத் திருநாளில். அது ஈஸ்டரை ஒட்டி ஆண்டுதோறும் நகரும் நாள், அவருடைய ஆட்சியாண்டும் அதோடு நகர்கிறது. மூன்றாம் ஆண்டு 1201 மே 3இல் தொடங்கி 1202 மே 22இல் முடிகிறது. அந்த ஒரே ஆட்சியாண்டுக்குள் மே 10 இரண்டு முறை வருகிறது. எது என்பதை ஆவணத்தின் உள்ளடக்கத்தை வைத்துத்தான் தீர்க்க முடியும்.

கிறிஸ்து ஆண்டு எழுதியிருந்தாலும் நிம்மதி கிடையாது. அக்கால இங்கிலாந்தில் அந்த ஆண்டு பொதுவாகப் பிறந்தது மார்ச் 25, மங்கள வார்த்தைத் திருநாளில். நாம் பார்த்த 1349 ஜனவரியை அவர்கள் 1348 என்றே எழுதுவார்கள். ஆகவே 1348/9 என்று இரண்டையும் குறியுங்கள். கருவூலத்தின் கணக்காண்டு வேறு: அது மிக்கேல் அதிதூதர் திருநாளான செப்டம்பர் 29ஐ ஒட்டி முடியும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். ஆவணத்தின் சொற்களை முதலில் அப்படியே எழுதுங்கள். பக்கத்தில் அந்த ஆட்சியாண்டின் தொடக்க நாளையும் முடிவு நாளையும் எழுதுங்கள். திருநாள் அதற்குள் எங்கே விழுகிறது என்று பாருங்கள். கிழமையைக் கடைசியில் கணக்கிடுங்கள், அதையும் அக்காலத்தில் வழங்கிய ஜூலியன் நாட்காட்டியில். பல நாட்காட்டிச் செயலிகள் இன்றைய கிரிகோரியன் முறையையே பின்னோக்கி நீட்டி, 1349 ஜனவரி 15ஐப் புதன் என்று காட்டும்.

"நூறு" என்றால் 100 என்று எண்ணுவது

ஆடு, மீன், ஆணிக் கணக்குகளில் நூறு என்பது பல இடங்களில் 120. கூட்டுத்தொகை இடித்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள், எழுத்தரை அல்ல.

மார்க் நாணயத்தைத் தேடுவது

அப்படியொரு நாணயம் இங்கிலாந்தில் அடிக்கப்படவில்லை. அது கணக்குக்கான அளவு மட்டும்: 13 ஷில்லிங் 4 பென்னி, அதாவது 160 பென்னி.

வில்லீனை அடிமை என்று எழுதுவது

வில்லீன் மேனரின் நிலத்தோடு கட்டுண்ட குடியானவர். அவருக்குச் சாகுபடிக்கு நிலம் உண்டு, பிரபுவுக்குச் செய்ய வேண்டிய வேலை நாட்களும் உண்டு. நம் சினிமா "வில்லன்" இந்தச் சொல்லின் வழியில் வந்தவர்தான், ஆனால் அந்தப் பொருளை இங்கே கொண்டுவராதீர்கள்.

சாசர் எழுதியதைப் பழைய ஆங்கிலம் என்பது

பதினான்காம் நூற்றாண்டுக் கவிஞரான சாசர் எழுதியது இடைக்கால ஆங்கிலம். பழைய ஆங்கிலம் அவருக்கு முன்னூறு ஆண்டு முந்தையது.

ஆங்கிலத்தில் பதிவுகள் இருக்கும் என்று காத்திருப்பது

நீதிமன்ற வாதங்கள் ஆங்கிலத்தில் நடக்க வேண்டும் என்று 1362இல் சட்டம் வந்தது. அந்தச் சட்டமே பிரெஞ்சில் எழுதப்பட்டது. வாதம் எந்த மொழியில் நடந்தாலும் பதிவு லத்தீனில் இருக்க வேண்டும் என்றுதான் அது சொன்னது.

சொல்லை ஊகித்துவிட்டு எழுத்தைப் பார்ப்பது

அக்காலக் கையெழுத்தில் ஐ, என், எம், யூ எல்லாமே ஒரே மாதிரிக் குறுங்கோடுகள். ஐயின் மேல் பெரும்பாலும் புள்ளியும் இருக்காது. "மினிமும்" (minimum) என்று எழுதினால் பதினைந்து கோடுகள் வேலி போல நிற்கும். நகலில் பென்சிலால் கோடுகளை எண்ணிக் குறித்த பிறகே எழுத்தாகப் பிரியுங்கள்.