நெட் ஸ்பீடு கணக்கில் வழக்கமாக நடக்கும் தவறுகள்

100 எம்பிபிஎஸ் பிளான் போட்டால் டவுன்லோடும் நொடிக்கு 100 எம்பி ஓடும் என்று நம்புகிறவர்கள் இன்னும் நிறைய. 12ஐத் தாண்டாததைப் பார்த்ததும் இணைப்பு கொடுத்தவரிடம் சண்டைக்குப் போகிறார்கள். பல வீடுகளில் இணைப்பு சரியாகத்தான் இருக்கிறது.

இணைய வேகத்தை பிட்டில் விற்கிறார்கள். கோப்பின் அளவும் பிரவுசர் காட்டும் டவுன்லோடு வேகமும் பைட்டில் இருக்கின்றன. 8 பிட் சேர்ந்தால் 1 பைட். ஆக, 100 எம்பிபிஎஸ், அதாவது நொடிக்கு 100 மெகாபிட் என்பது 12.5 மெகாபைட் (எம்பி). ஆங்கிலச் சுருக்கத்தில் சின்ன 'பி' போட்டால் பிட், பெரிய 'பி' போட்டால் பைட். விளம்பரங்களில் இதைப் பார்த்துப் பார்த்து எழுதுவதில்லை என்பதால், எதன் வேகம் என்று கேட்டுக்கொள்வதே நல்லது. ரவுட்டர், லேன் கேபிள், யூஎஸ்பி போர்ட் எல்லாம் பிட். மெமரி கார்டில் வி30 என்று போட்டிருந்தால் அது நொடிக்கு 30 மெகாபைட். விண்டோஸில் டாஸ்க் மேனேஜர் நெட்வொர்க் வேகத்தை பிட்டில் காட்டும், கோப்பை காப்பி செய்யும் ஜன்னலோ பைட்டில் காட்டும். ஒரே திரையில் இரண்டும் இருக்கும்போது குழம்பாமல் என்ன செய்வது!

மொபைலில் இது இன்னும் உறைக்கும். அன்றைய டேட்டா தீர்ந்ததும் வேகம் 64 கேபிபிஎஸ் ஆகும் என்று பல பிளான்களில் போட்டிருக்கும். அது நொடிக்கு 8 கிலோபைட்தான். 3 எம்பி போட்டோ ஒன்று வந்து சேர 375 நொடி, அதாவது 6 நிமிடத்துக்கு மேல். 64 கிலோபைட் என்று நினைத்தவர், முக்கால் நிமிடத்தில் வரவேண்டியது ஏன் வரவில்லை என்று போனை அணைத்து அணைத்துப் போடுவார்.

அடுத்தது, எட்டால் பெருக்குவதா வகுப்பதா என்ற தடுமாற்றம். 4 ஜிபி படம் 100 எம்பிபிஎஸ் இணைப்பில் எவ்வளவு நேரத்தில் இறங்கும்? 4000ஐ 100ஆல் வகுத்து 40 நொடி என்பது தப்பு. முதலில் படத்தை பிட்டுக்குக் கொண்டுவர வேண்டும்: 4000 × 8 = 32,000 மெகாபிட். அப்புறம் 100ஆல் வகுத்தால் 320 நொடி, 5 நிமிடம் 20 நொடி. இரண்டையும் ஒரே அலகில் எழுதாமல் வகுக்கவே கூடாது.

1000மா 1024ஆ? நெட்வொர்க் வேகத்தில் கிலோ என்றால் எப்போதும் 1000. விண்டோஸ் கோப்பு அளவை 1024 கணக்கில் போட்டுவிட்டு அதையும் எம்பி என்றே எழுதுகிறது. அதற்கென்று மெபிபைட், ஜிபிபைட் என்ற பெயர்கள் 1998லேயே வந்துவிட்டன. வித்தியாசம் மெகாவில் சுமார் 5 சதவீதம், ஜிகாவில் 7, டெராவில் 10. ஒரு படம் இறக்க இதையெல்லாம் பார்க்க வேண்டாம் என்பதே என் எண்ணம். டெராபைட் கணக்கில் பேக்கப் எடுப்பவர் பார்த்தே ஆகவேண்டும்.

எட்டால் வகுத்தும் சரிவராத இடங்கள் உண்டு. யூஎஸ்பி 3.0வின் வேகம் 5 ஜிகாபிட். வகுத்தால் 625 மெகாபைட் வரும். ஆனால் அதில் ஒவ்வொரு பைட்டும் 10 பிட்டாக மாற்றப்பட்டுத்தான் கேபிளில் போகிறது. அதனால் உச்சமே 500தான். கணினிக்குள் ஹார்ட் டிஸ்க்கை இணைக்கும் 6 ஜிகாபிட் சாட்டா 600ஆகச் சுருங்குவதற்கும் இதுவே காரணம். ஜிகாபிட் லேனில் கதை வேறு. அதில் தரவு பாக்கெட் என்ற சிறு துண்டுகளாகப் போகிறது: முகவரி போன்ற விவரம் உள்ள பாக்கெட்டின் தலைப்புகளும் இடைவெளியும் சேர்ந்து 1538 பைட் இடம் போனால், அதில் நம் தரவு 1460 பைட். நொடிக்கு 125 எம்பி வரவேண்டிய இடத்தில் 118 வந்தாலே அது முழு வேகம். அவசரத்துக்கு, எட்டுக்குப் பதில் பத்தால் வகுத்துப் பாருங்கள். பெரும்பாலும் நிஜத்துக்குப் பக்கத்தில் வரும்.

சராசரியிலும் கவனம் வேண்டும். 4 ஜிபியில் முதல் பாதி நொடிக்கு 100 எம்பி, மறு பாதி 20 எம்பி என்று காப்பி ஆனால் சராசரி 60 அல்ல. முதல் பாதிக்கு 20 நொடி, அடுத்ததற்கு 100 நொடி. மொத்தம் 120 நொடியில் 4000 எம்பி போயிருக்கிறது, சராசரி 33தான்.