இம்ப்ரஷனிச நிலக்காட்சி: வைத்த தீற்றலைத் தொடாதீர்கள்

சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் ஸ்வான் ஏரிக்கரையில், எண்ணெய் வண்ணத்துக்குப் புதியவர்களோடு உட்காரும்போதெல்லாம் என் பழைய தவறுகளையே அவர்களின் கேன்வாஸில் பார்க்கிறேன். தூரிகையைக் கழுவாதது, டியூபை மூடாதது எல்லாம் போகப்போகச் சரியாகிவிடும். கீழே சொல்கிற தவறுகள் தானாகச் சரியாகாது.

வைத்ததையே தடவிக்கொண்டிருப்பது

இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். ஒரு தம்பி, தண்ணீரில் விழுந்த வானத்தை அருமையாகப் பிடித்திருந்தார்: இளநீலம், பக்கத்திலேயே ஆரஞ்சு, கீழே கொஞ்சம் ஊதா. மூன்றும் கலக்காமல் மின்னின. சற்று நேரம் கழித்து வந்து பார்த்தால் எல்லாம் ஒரே சாம்பல். "ஓரமெல்லாம் முரடா இருந்துச்சுக்கா, கொஞ்சம் நைஸ் பண்ணேன்" என்றார்.

நீலமும் ஆரஞ்சும் எதிர் நிறங்கள். அருகருகே இருந்தால் ஒன்றையொன்று தூக்கிக் காட்டும். பிரெஞ்சு வேதியியலாளர் ஷெவ்ரல் 1839இல் இதை விரிவாக எழுதினார். கணநேர வெளிச்சத்தைத் தனித்தனித் தீற்றல்களால் பிடிக்கும் பாணியான இம்ப்ரஷனிசத்தின் உயிரே இதில்தான் இருக்கிறது. குழைத்தால் இரண்டும் செத்துவிடும். அந்த ஈரச் சேற்றின்மேல் எந்தப் புது நிறத்தை வைத்தாலும் அதுவும் அழுக்காகும். கத்தியால் சுரண்டித் துடைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். அதற்குள் காலை வெளிச்சம் போய்விடும். கோபால்ட் நீலம் விற்கிற விலையும் தெரியுமல்லவா?

நிறத்தைப் பேலட்டிலேயே, அதாவது வண்ணம் குழைக்கும் பலகையிலேயே, முடிவுசெய்யுங்கள். நிறம் மாற்றும்போதெல்லாம் தூரிகையைத் துடையுங்கள். தாராளமாக எடுத்து, ஒரே தீற்றலாக வைத்து, கையை எடுத்துவிடுங்கள். முரடாகத் தெரிந்தால் நாலடி பின்னால் போய்ப் பாருங்கள். தேசியக் கலைக்கூடத்தில் சிங்கப்பூரின் முன்னோடி ஓவியர் ஜார்ஜெட் சென்னின் ஓவியங்களையும் அப்படி அருகிலும் தூரத்திலும் நின்று பார்த்துவிட்டு வாருங்கள்.

வண்ணத்தை நீர்க்க விடுவது

வண்ணத்தை நீர்க்கச் செய்யும் டர்பன்டைன் முதல் பூச்சுக்கு மட்டும்.

நிழலுக்குக் கறுப்பு

வேண்டாம். தூங்குமூஞ்சி மரத்தடி நிழலில் நீலமும் ஊதாவும் இருக்கின்றன.

வெளிச்ச அளவை மறப்பது

புல்வெளியில் பச்சையோடு மஞ்சளும் இளஞ்சிவப்பும் தாராளமாக வரலாம். ஆனால் ஒரு பகுதிக்குள் வருகிற நிறங்களெல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு வெளிச்சமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் புல்தரை புள்ளி புள்ளியாகச் சிதறும். கைப்பேசியில் கறுப்பு வெள்ளையாகப் படம் எடுங்கள். தீற்றல்கள் ஒன்றோடொன்று சேர்ந்துபோனால் சரி.

உச்சி வெயிலில் தொடங்குவது

சிங்கப்பூரில் நண்பகல் சூரியன் தலைக்கு மேலேயே நிற்கும். நிழல் மரத்தடியில் ஒடுங்கிவிடும். ஏழு மணி வாக்கில்தான் விடிகிறது. எட்டுக்கு உட்கார்ந்து பத்துக்குள் எழுந்துவிடுங்கள்.