குதிக்கால் எலும்பு ஒப்பரேஷனுக்குப் பிறகு காயத்தை வீட்டில் பார்த்துக்கொள்வது

தென்னையிலிருந்தோ கூரையிலிருந்தோ யானைக் காவல் பரணிலிருந்தோ விழுந்தவர் குதிக்கால் தரையில் அடிபட இறங்கினால், உடம்பின் முழுப் பாரமும் அந்த ஓர் எலும்பில் விழுகிறது. எலும்பு பல துண்டாக உடைந்து நசிந்துபோனால் பிளேட்டும் ஸ்க்ரூவும் வைத்துச் சரிசெய்வார்கள். எலும்பு பெரும்பாலும் ஒட்டிவிடும். ஆளை மாதக்கணக்கில் ஆஸ்பத்திரிக்கு அலைய வைப்பது அதற்கு மேலே உள்ள தோல்.

குதிக்காலின் வெளிப்பக்கத் தோல் மெல்லியது, அதற்குக் கீழே தசை கிடையாது. தோல், கொஞ்சம் கொழுப்பு, உடனே எலும்பு. இப்போது இடையில் பிளேட்டும் இருக்கிறது. வழக்கமான பெரிய வெட்டு கணுக்காலுக்குப் பின்னால் மேலிருந்து நேராக இறங்கி, பாத ஓரத்தில் திரும்பி, சின்னவிரல் பக்கமாகப் போகும். அந்தத் திருப்பத்தின் மூலைக்குத்தான் இரத்தம் கடைசியாக, குறைவாக வந்து சேர்கிறது. காயம் பிரிந்தால் அநேகமாக அந்த மூலையில்தான் முதலில் பிரியும். ஆகவே மருந்து கட்டும் ஒவ்வொரு முறையும் முதலில் மூலையைப் பாருங்கள். சிலருக்குக் கணுக்காலுக்குக் கீழே இரண்டு மூன்று அங்குலத்துக்குள் சின்ன வெட்டு மட்டும் போட்டிருப்பார்கள். அதில் தோல் பிரச்சினை குறைவு, ஆனாலும் கீழே சொல்வதெல்லாம் அவர்களுக்கும் பொருந்தும்.

ஒப்பரேஷனை ஒன்று, இரண்டு கிழமை தள்ளிப்போட்டார்கள் என்று குடும்பத்தினர் மனம் நோவதுண்டு. வீங்கிய தோலை வெட்டினால் அது மூடாது. வீக்கம் வற்றி, பாதத்தை அசைக்கும்போது தோலில் சுருக்கம் விழுகிறதா என்று பார்த்துத்தான் டொக்டர் நாள் குறிப்பார். நீர்க்கொப்புளம் வந்திருந்தால் அதுவும் வற்றவேண்டும். காத்திருக்கும் நாட்களிலும் காலை உயர்த்தியே வைத்திருங்கள். நாள் சீக்கிரம் வர அது உதவும்.

காலை உயர்த்துவது

முதல் இரண்டு, மூன்று கிழமைக்கு இதைவிடப் பெரிய மருந்து இல்லை. பாதம் நெஞ்சை விட உயரத்தில் இருக்கவேண்டும். கதிரையில் இருந்துகொண்டு காலை முக்காலியில் வைப்பது போதாது, பாதம் அப்போதும் நெஞ்சுக்குக் கீழேதான். ஆளைப் படுக்க வைத்து, கெண்டைக்காலுக்குக் கீழே இரண்டு தலையணை, அல்லது நாலாக மடித்த போர்வை வையுங்கள். குதிக்கால் எதிலும் முட்டாமல் தலையணை விளிம்புக்கு அப்பால் அந்தரத்தில் நிற்கவேண்டும். உங்கள் கை குதிக்காலுக்கும் பாய்க்கும் இடையில் தாராளமாகப் போய் வந்தால் சரி. குதிக்கால் தலையணையில் அழுந்தினால் பின்பக்கத்தில் வேறொரு புண் தொடங்கிவிடும்.

சாப்பாட்டுக்கும் கழிவறைக்கும் மட்டும் எழும்பட்டும். காலைத் தொங்கவிட்டதும் பாதம் ஊதா நிறமாகி விறுவிறுக்கும். இரத்தம் கீழே தேங்குவதன் அடையாளம் அது. தேங்கினால் வீங்கும், வீங்கினால் தையல் இழுபடும்.

கிளினிக் பயணமும் இதில் சேரும். வாகரையிலிருந்து மட்டக்களப்புக்கோ பொத்துவிலிலிருந்து கல்முனைக்கோ பஸ்ஸில் காலைத் தொங்கப்போட்டு வந்தால், அன்று பின்னேரம் கட்டு இறுகிப்போயிருக்கும். ஆட்டோவிலாவது வானிலாவது பின் சீற் முழுவதையும் எடுத்து, காலை நீட்டித் தலையணையில் வைத்துக் கொண்டுபோங்கள்.

குந்தும் கழிவறை ஆபத்து. ஒற்றைக்காலில் குந்தி எழும்பும்போது மற்றக் கால் தன்னை அறியாமல் ஊன்றிவிடும். பிளாஸ்டிக் கதிரையின் நடுவில் ஓட்டை வெட்டி, விளிம்பைத் துணியால் சுற்றிக் குழிக்கு மேலே வைத்தால் போதும். கதிரை ஆடாமலும் வழுக்காமலும் நிற்கிறதா என்று முதலில் நீங்கள் இருந்து பாருங்கள்.

நனையக்கூடாது

கிணற்றடியில் குளிக்க வேண்டாம். கதிரையில் இருத்தி, முழங்காலுக்குக் கீழே பெரிய பொலித்தீன் பையை மாட்டி, வாயை அகலத் துணியால் கட்டி, காலை வேறொரு கதிரையில் வெளியே நீட்டி வைத்துக் குளிப்பாட்டலாம். நூலால் இறுக்கிக் கட்டாதீர்கள். மாரிமழை நாட்களில் கட்டு வியர்வையிலும் ஈரக்காற்றிலும் கூட நமுத்துப்போகும். நனைந்த கட்டை அடுத்த கிளினிக் வரை வைத்திருக்காமல் அன்றே மாற்றுவியுங்கள்.

முடிந்தவரை மருந்து கட்டுவதைப் பக்கத்து ஆஸ்பத்திரியில் செய்வியுங்கள். வீட்டில் செய்யச் சொல்லியிருந்தால், கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, சேலைனால் மட்டும் துடைத்து, காய்ந்த சுத்தமான கோஸ் துணி வைத்துக் கட்டுங்கள். டெட்டோல், ஸ்பிரிட், நுரை பொங்கும் பெரொக்சைட் எதுவும் ஊற்ற வேண்டாம். கிருமியோடு சேர்த்துப் புதிதாக வளரும் தசையையும் அவை கொன்றுவிடும். மஞ்சள், சாம்பல், கோப்பித்தூள், பச்சிலை, முறிவெண்ணெய்க் கட்டு வேண்டாம். அன்ரிபயோட்டிக் குளிசையை உடைத்துத் தூவுவதும் வேண்டாம். தூள் காயத்தில் கட்டிபட்டு, அடியில் இருக்கும் சீழை மறைத்துவிடும்.

தையலைப் பத்தாம் நாளில் வெட்டச் சொல்லி அவசரப்படுத்தாதீர்கள். இந்த இடத்தில் இரண்டு, மூன்று கிழமை, சிலவேளை அதற்கு மேலும் வைத்திருப்பார்கள். தையல் எடுத்த பிறகும் காயம் பிரியலாம். முதல் நாலு கிழமை முடியும் வரை கவனம் குறையக்கூடாது.

புகையும் சீனியும் சாப்பாடும்

சிகரெட், பீடி, சுருட்டு, வெற்றிலையோடு போடும் புகையிலை எல்லாவற்றிலும் நிக்கொட்டின் இருக்கிறது. அது தோலின் சிறிய இரத்தக் குழாய்களைச் சுருக்கும். ஏற்கெனவே இரத்தம் குறைந்த மூலைக்கு வருகிற கொஞ்சமும் நின்றுபோகும். ஒரு நாளைக்கு இரண்டு தானே என்று விட்டுக்கொடுக்காதீர்கள். காயம் ஆறும்வரை வீட்டில் ஒருவரும் அவருக்கு வாங்கிக் கொடுக்கக்கூடாது.

சீனி வருத்தம் உள்ளவருக்கு இரத்தச் சீனி 180 mg/dL-க்கு மேல் நிற்க விடக்கூடாது. பாத உணர்வு மரத்துப்போனவருக்குச் சீழ் பிடித்தாலும் நோகாது. ‘நோகவில்லை’ என்று அவர் சொல்வதை நம்பியிராமல் கண்ணால் பாருங்கள்.

கிரந்தி என்று சொல்லி மீனையும் முட்டையையும் நிறுத்தி, பாணும் தேத்தண்ணியும் கொடுப்பது காயத்தைப் பட்டினி போடுவதாகும். தோல் மூடப் புரதம் வேண்டும். ஒரு கிலோ உடல் எடைக்கு ஏறக்குறைய 1.2 முதல் 1.5 கிராம் என்று கணக்கு வைத்தால், 60 கிலோ ஆளுக்கு நாளைக்கு 72 முதல் 90 கிராம். இரண்டு முட்டையில் 12 கிராம், 100 கிராம் மீனில் சுமார் 20 கிராம் இருக்கும். மிச்சத்துக்குத் தண்ணியாக இல்லாத பருப்பும் எருமைத் தயிரும் கடலையும் கொடுங்கள். முன்பு ஒரு சாப்பாடு ஒவ்வாமல் உடம்பு தடித்திருந்தால் அதை மட்டும் விடுங்கள். சிறுநீரக வருத்தக்காரருக்கு அளவை டொக்டர் சொல்லவேண்டும்.

எது சாதாரணம், எது இல்லை

முதல் இரண்டு, மூன்று நாள் மருந்துக் கட்டின் மேல் கொஞ்சம் இரத்தக்கறை படியும். பாதத்தின் வெளியோரம் மரத்திருக்கலாம், அங்கே ஓடும் நரம்பு இழுபட்டதால் அப்படி. பின்னேரத்தில் வீங்கி விடியும்போது வற்றுவது மாதக்கணக்கில் இருக்கும்.

மூலையில் தோல் நாவல்பழச் சாறு பட்டதுபோல் கருநீலமாகி, பிறகு கறுத்துக் காய்ந்தால் விளிம்புத் தோல் செத்திருக்கிறது. காய்ந்து, ஒட்டி, நாற்றமில்லாமல் இருந்தால் உரிக்கவேண்டாம். அதற்குக் கீழே புதிய தோல் வளரக்கூடும். இரண்டொரு நாளுக்குள் கிளினிக்கில் காட்டுங்கள். அந்தக் கறுப்பு நமுத்துக் கழன்றாலோ, ஓரத்தால் நீர் கசிந்தாலோ அன்றே போகவேண்டும்.

நமது தோல் நிறத்தில் சிவப்பு எளிதில் தெரியாது. புறங்கையை இரண்டு பாதத்திலும் மாறி மாறி வைத்துச் சூட்டை ஒப்பிடுங்கள். தோல் மினுங்குகிறதா, விறைத்திருக்கிறதா பாருங்கள். வீங்கிய எல்லையைப் பேனையால் கோடிட்டு, ஐந்தாறு மணித்தியாலத்துக்குப் பிறகு கோட்டைத் தாண்டியிருந்தால் காத்திருக்க வேண்டாம். கட்டு மாற்றும்போதெல்லாம் ஒரே வெளிச்சத்தில் போனில் படம் எடுங்கள், காயத்தில் படாமல் பக்கத்தில் ஒரு நாணயம் வைத்து. ‘கொஞ்சம் பிரிந்தது’ என்று சொல்வதைவிட அந்தப் படங்கள் டொக்டருக்கு நிறையச் சொல்லும்.

சீழ், நாற்றம், குறைந்த நோவு திரும்பக் கூடுவது, 38 பாகை செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், காயத்துக்குள் பிளேட் தெரிவது, இதில் எது வந்தாலும் அன்றே ஒப்பரேஷன் செய்த வார்ட்டுக்குப் போங்கள். டயக்னோசிஸ் கார்டும் (வீட்டுக்கு விடும்போது ஆஸ்பத்திரியில் தந்த அட்டை) எக்ஸ்ரேயும் கையில் இருக்கட்டும். மழைக்காலத்தில் காய்ச்சலை டெங்கு என்றோ காயம் என்றோ வீட்டில் தீர்மானிக்காமல் இரண்டுக்கும் பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை பனடோல் மட்டும், டைக்குளோபினாக் வேண்டாம். கெண்டைக்கால் வீங்கி நொந்தாலும் உடனே காட்டவேண்டும். திடீரென மூச்சுத் திணறினால் இரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கலாம். 1990-க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம்.

பார்மசியில் அன்ரிபயோட்டிக் வாங்கித் தொடங்காதீர்கள். எந்தக் கிருமி என்று கண்டுபிடிக்கக் காயத்திலிருந்து மாதிரி எடுப்பார்கள். முன்கூட்டியே குளிசை போட்டால் கிருமி சோதனையில் காட்டாமல் போய், எலும்பில் ஒளிந்து வளரும்.

பிறகு என்ன செய்வார்கள்? மேலோட்டமாகப் பிரிந்திருந்தால் கணுக்கால் அசைக்கும் பயிற்சியை நிறுத்தி, காலை அசையாமல் கட்டி, மருந்து கட்டிக்கொண்டே வருவார்கள். பல காயங்கள் இதிலேயே மூடிவிடும், கிழமைகள் எடுக்கும். கிருமி ஆழத்துக்குப் போயிருந்தால் மயக்கி உள்ளே கழுவி, சேலைன் வழியாக அன்ரிபயோட்டிக் ஏற்றுவார்கள், அதுவும் கிழமைக்கணக்கில். பிளேட் உறுதியாக இருந்தால் எலும்பு ஒட்டும்வரை அதை விட்டுவைப்பதே வழக்கம். உடனே கழற்றச் சொல்லிச் சண்டை பிடிக்காதீர்கள், கழற்றினால் எலும்பு சரிந்துவிடும். தோல் பெரிதாகப் போயிருந்தால் வேறிடத்துத் தசையும் தோலும் கொண்டு மூடும் ஒப்பரேஷன் தேவைப்படலாம்.

காயம் மூடினாலும் காலை ஊன்ற 10 முதல் 12 கிழமை ஆகும். எக்ஸ்ரே பார்த்து டொக்டர் சொல்லும் நாள்தான் நாள். நடக்கத் தொடங்கும்போது தழும்பில் சப்பாத்தின் பின்விளிம்பு உராயும். முதல் மாதங்களுக்குப் பின்பக்கம் திறந்த, அடி மெத்தென்ற செருப்புப் போடுங்கள், இரவில் கழற்றியதும் தழும்பைப் பாருங்கள்.