குளிர்காலத்தில் கார் கதவுக்கு டேம்பிங் ஷீட் ஒட்டும் முறை

கதவுத் தகட்டின் அதிர்வை அடக்க உட்பக்கம் ஒட்டும் டேம்பிங் ஷீட்டைத்தான் இங்கே சொல்கிறோம். பியூட்டைல் என்ற ரப்பரால் ஆன இந்த ஷீட்டில் பசை என்று தனியாக எதுவும் கிடையாது. அலுமினியம் ஃபாயிலுக்குக் கீழே இருக்கும் அந்தக் கறுப்புப் பியூட்டைலே ஒட்டும் பொருள். சூடாக இருந்தால் அது பிசைந்த மாவு போல இளகி, பெயின்ட்டின் நுண்ணிய மேடுபள்ளங்களில் இறங்கிப் பிடிக்கும். 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் இறுகிவிடும். மேடுகளை மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கும். ஒட்டிய அன்று உறுதியாகத்தான் தெரியும். கோடை வெயிலில் கதவு காயும்போது ஓரம் எழும்பி, ஷீட் சுருண்டு கீழே தொங்கும். கண்ணாடி இறங்கும் வழியில் சிக்கினால் விண்டோ மோட்டாரும் கெடும்.

பலர் ஷீட்டை மட்டும் சூடாக்கிவிட்டு ஒட்டுகிறார்கள். 5 டிகிரியில் இருக்கும் இரும்புத் தகட்டில் சூடான ஷீட்டை வைத்தால், ஒட்டும் முகத்தின் சூட்டைத் தகடு சில நொடிகளில் உறிஞ்சிவிடும். தகட்டின் சூடுதான் கணக்கு. 20 முதல் 25 டிகிரி நல்லது, 15-க்குக் கீழே வேலையைத் தொடங்கவே வேண்டாம்.

முதல் நாள் இரவே ஷீட்டுகளை வீட்டுக்குள் சமதளமாகப் படுக்க வையுங்கள். சுருட்டியோ சாய்த்தோ வைத்தால் ஃபாயில் மடிந்த இடத்தில் கிழியும். காரையும் இரவு முழுக்க மூடிய இடத்தில் விடுங்கள். இடத்தைச் சூடாக்க எலக்ட்ரிக் ஹீட்டர் போதும். கேஸ் ஹீட்டர் வேண்டாம்: எரிவாயு எரியும்போது நீராவி உண்டாகும், அது குளிர்ந்த தகட்டில் கண்ணுக்குத் தெரியாத ஈரமாகப் படியும். மூடிய இடத்தில் கார்பன் மோனாக்சைடு ஆபத்தும் உண்டு.

கதவு ட்ரிம்மை (உட்பக்க பிளாஸ்டிக் மூடியை) கழற்றும் முன், காரை வெளியே எடுத்து அதன் ஹீட்டரைக் கால் மணி நேரம் ஓட்டிவிட்டு மறுபடி உள்ளே விடுங்கள்; மூடிய இடத்தில் எஞ்சினை ஓட்டக் கூடாது. குளிரில் பிளாஸ்டிக் கிளிப் வளையாது, முறியும். பத்துப் பன்னிரண்டு உபரி கிளிப் வாங்கி வைத்திருங்கள். பிறகு கண்ணாடியை முழுக்க மேலே ஏற்றிவிட்டு, பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி 10 நிமிடம் காத்திருங்கள். மஞ்சள் நிறக் கனெக்டர்கள் ஏர்பேக்குக்கு உரியவை, அவற்றைத் தொட வேண்டியதில்லை. உள்ளே ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை இழுக்காதீர்கள். ஓரத்துப் பிசினை லேசாகச் சூடாக்கிக் கத்தியால் அறுத்து எடுத்தால் முழுதாக வரும். அதைத் திரும்பப் போட்டாக வேண்டும், இல்லையென்றால் மழைநீர் காருக்குள் வரும்.

ஐசோபுரொபைல் ஆல்கஹால் நனைத்த துணியால், வெளித்தகட்டின் உட்பக்கத்தை, துணி அழுக்காவது நிற்கும் வரை துடையுங்கள். அப்போது ஹீட்டர், ஹீட் கன் (சூடான காற்றை ஊதும் கருவி) இரண்டும் அணைந்திருக்க வேண்டும்; அதன் ஆவி தீப்பிடிக்கும். ஆல்கஹால் ஆவியாகும்போது தகட்டையும் குளிர வைக்கும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. முகத்தைக் கிட்டக் கொண்டுபோய் மூச்சு விட்டாலே அங்கே பனி பூக்கும். ஆவி முழுக்க வெளியேறும் வரை காற்றோட்டமாக விட்டு, பிறகு ஹீட் கன்னைக் குறைந்த சூட்டில் வைத்து, ஓரிடத்தில் நிறுத்தாமல் தகட்டின் மேல் அசைத்துக்கொண்டே காய வையுங்கள். உள்ளங்கைக்கு இதமாகப் பட வேண்டும், சுடக் கூடாது. ஓரிடத்தில் நின்றால் வெளிப்பக்கப் பெயின்ட் கெடும்.

கோடையில் பெரிய துண்டாக ஒட்டலாம். குளிரில் 20×30 செ.மீ. அளவுக்கு வெட்டுங்கள், ரோலர் போட்டு முடிப்பதற்குள் ஆறாது. ஃபாயிலின் வெட்டுவிளிம்பு பிளேடு மாதிரி, கையுறை கட்டாயம். பின்தாளை உரித்து, பியூட்டைல் முகத்தைச் சில நொடி சூடாக்கி, ஒரு ஓரத்திலிருந்து வையுங்கள். உடனே ரோலர், நடுவிலிருந்து வெளியே நோக்கி. ஃபாயிலில் புடைப்புக் கோலம் இருந்தால் அது தட்டையாகி மழமழவென்று ஆகும் வரை அழுத்துங்கள். கோலம் மிச்சமிருக்கும் இடத்தில் இன்னும் பிடிக்கவில்லை என்று பொருள். அங்கே மட்டும் மறுபடி சூடு காட்டி உருட்டுங்கள். காற்றுக் குமிழியைக் கத்தி நுனியால் குத்தி அமுக்கினால் போதும்.

இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் வைத்திருப்பவர்கள் கவனிக்க: பளபளக்கும் ஃபாயிலில் அது உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். அதை நம்பிச் சூட்டை ஏற்றினால் பியூட்டைல் வழியும். ஃபாயிலில் கறுப்பு இன்சுலேஷன் டேப் துண்டு ஒட்டி, அதன் மேல் அளந்து பாருங்கள்.

தகடு முழுவதையும் மூட வேண்டியதில்லை. இந்த ஷீட்டின் வேலை அதிர்வை அடக்குவது. வெளித்தகட்டின் நடுப்பகுதியில் 25 முதல் 50 சதவீதம் ஒட்டினாலே டங்கென்ற ஓசை டப்பென்று மாறிவிடும். விரல் கணுவால் தட்டிக்கொண்டே போனால் எங்கே இன்னும் வேண்டும் என்று காதே சொல்லும். 2 மி.மீ. ஷீட் சதுர மீட்டருக்கு 3 கிலோ அளவுக்கு எடை, வீணாக ஏற்ற வேண்டாம். பிட்டுமென் (தார்) ஷீட்டைக் கதவுக்குச் சிபாரிசு செய்ய மாட்டோம். குளிரில் நொறுங்கும், வெயிலில் நாறும்.

கதவின் அடியிலுள்ள வடிகால் துளைகள், லாக் கம்பிகள், கண்ணாடித் தண்டவாளம், சில கார்களில் கதவுக்குள் இருக்கும் ஏர்பேக் பிரஷர் சென்சார் ஆகியவற்றின் மேல் ஷீட் படக் கூடாது. உள்தகட்டின் பெரிய துளைகளை மூடும் எண்ணம் இருந்தால், அந்த சென்சார் உள்ள கதவில் அதைக் கைவிடுங்கள். அது கதவுக்குள் திடீரென ஏறும் காற்றழுத்தத்தை வைத்து மோதலை உணர்கிறது.

முடித்த பின் சில மணி நேரமாவது காரை வெளிக்குளிருக்குக் கொண்டுபோகாதீர்கள். மறுநாள் ஓரங்களை விரலால் தடவி, எழும்பியதைச் சூடாக்கி உருட்டுங்கள். பேட்டரியை இணைத்துக் கண்ணாடியை நாலைந்து முறை ஏற்றி இறக்குங்கள். கடைசியாக, ட்ரிம் மாட்டும் முன், கண்ணாடியின் வெளிப்பக்கம் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றுங்கள். கதவின் அடியில் எல்லா வடிகாலிலும் சொட்டினால் ட்ரிம்மை மாட்டலாம்.