இழுப்பு (ஆஸ்துமா) உள்ளவர் பீடியை விடும்போது வீட்டில் நாம் செய்யும் தவறுகள்

என் சித்தப்பா குமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டப் போகிறவர். விடியும் முன்னே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்கு இறங்கும்போது சட்டைப்பையில் பீடிக்கட்டும் இருக்கும், மூச்சு முட்டினால் அடிக்கும் நீல பம்பும் (இன்ஹேலர்) இருக்கும். இருபது வருட இழுப்பு. போன வருடம் பீடியை நிறுத்தினார். பதினோராவது நாள் மறுபடி பற்றவைத்தார். பற்றவைக்கச் சொன்னதே நாங்கள்தான்.

நிறுத்திய முதல் வாரமே இருமல் கூடிவிட்டது. காலையில் கொல்லைப்புறம் நின்று கட்டிகட்டியாகச் சளி துப்புவார். சித்தி பயந்துபோய், "பீடி குடிச்சப்போகூட இவ்வளவு இருமலியே, ஒண்ணே ஒண்ணு வலியுங்க, சளி இளகும்" என்றார். நானும் பேசாமல் இருந்தேன். அங்கேதான் தவறினோம். மூச்சுக்குழாயின் உள்ளே மயிரிழை போன்ற நுண்ணிய இழைகள் உண்டு. சளியையும் தூசியையும் தொண்டைப் பக்கம் தள்ளுவது அவற்றின் வேலை. புகை அவற்றை முடக்கிப்போடும். புகை நின்றதும் அவை மெல்ல அசையத் தொடங்கும், தேங்கிக் கிடந்த சளி வெளியே வரும். சில வாரங்களில் அடங்கிவிடும். அதற்காக எல்லா இருமலையும் இதுதான் என்று விட்டுவிடக் கூடாது. ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியாமல் மூச்சு வாங்கினாலோ, பம்ப் அடித்தும் ஆசுவாசம் இல்லை என்றாலோ உடனே ஆசுபத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

"முதல்ல இழுப்பு குறையட்டும், பீடிய பிறகு பாத்துக்கலாம்" என்று சொல்லாத வீடு இல்லை. பீடி இருக்கும்வரை இழுப்பு ஒழுங்காகக் குறையாது. மூச்சுக்குழாய் வீக்கத்தைத் தணிக்க தினமும் இழுக்கும் ஸ்டீராய்டு பம்ப், புகைப்பவர்களிடம் சரியாக வேலை செய்வதில்லை. அவரோ, "இந்த மருந்து எனக்குப் பிடிக்கல" என்று பம்பை விட்டுவிடுவார். பீடியைப் பிடித்துக்கொள்வார். பீடி நின்றபின் கொஞ்சம் சுகமானதும் பம்பையும் நிறுத்திவிடுகிறவர்கள் வேறு. அதை டாக்டர் சொல்லித்தான் குறைக்க வேண்டும்.

வீட்டிலிருக்கும் எல்லா மாத்திரைகளையும் டாக்டரிடம் காட்டாமல் இருப்பது அதிகம் பேர் அறியாத தவறு. இழுப்புக்குக் கொடுக்கும் டெரிபிலின் போன்ற தியோபிலின் வகை மாத்திரைகளைப் புகைப்பவரின் உடல் வேகமாகக் கரைத்துவிடும். பீடி நின்றதும் அந்த வேகம் குறையும். அதே அளவு மாத்திரை இப்போது ரத்தத்தில் கூடுதலாக நிற்கும். வாந்தி, படபடப்பு, தூக்கமின்மை வரலாம். காப்பியும் சாயாவும் அப்படித்தான். நாளுக்கு ஆறு சாயா குடித்தவர் அதே ஆறைத் தொடர்ந்தால், "பீடிய விட்டதுல நெஞ்சு அடிக்குது" என்பார். நிறுத்தும் நாளுக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிட்டால் மாத்திரை அளவை அவர் சரிசெய்வார்.

மனசு வைத்தால் போதும் என்று வெறுங்கையோடு விடச் சொல்வது கொடுமை. நிகோட்டின் ஏக்கம் முதல் இரண்டு மூன்று நாட்களில்தான் உச்சத்தில் இருக்கும். ஏக்கத்தைத் தணிக்கும் நிகோட்டின் சூயிங்கம் மருந்துக்கடையில் கிடைக்கும். ஆனால் பிள்ளைகள் மாதிரி மென்றுகொண்டே இருந்தால் விக்கலும் வயிற்றெரிச்சலும்தான் மிச்சம். காரம் தெரியும்வரை மெதுவாக மென்று, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வைக்க வேண்டும். காரம் அடங்கியதும் மறுபடி மெல்லலாம். அதற்குக் கால்மணி நேரம் முன்பிருந்தே சாயா, காப்பி வேண்டாம். யோசனை கேட்க 1800-112-356 என்ற கட்டணமில்லா தேசிய எண் இருக்கிறது.

நாள் குறிப்பதிலும் பிழை விடுகிறோம். ஆழ்கடலுக்குப் போகிறவர் படகில் எல்லாரும் வலிக்கும்போது நிறுத்துவது கஷ்டம். குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் விசைப்படகுகளுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம். வீட்டோடு இருக்கும் அந்த 61 நாட்கள் நல்ல வாய்ப்பு. மழைக்காலம் என்பதால் பம்ப் மட்டும் கைவசம் இருக்கட்டும். வீட்டில் மற்றவர் புகைப்பதும், கொசுவர்த்தியும் சாம்பிராணியும் கூடாது.

திட்டாதீர்கள். திட்டினால் ஒளிந்து குடிப்பார். டாக்டரிடமும் "விட்டாச்சு" என்பார். டாக்டரும் மருந்து வேலை செய்யவில்லையே என்று அளவைக் கூட்டிக்கொண்டே போவார். ஒன்று வலித்துவிட்டார் என்றால், "எந்த நேரத்துல தோணிச்சு?" என்று கேளுங்கள். சித்தப்பாவிடம் நாங்கள் அதைக் கேட்டது இரண்டாவது முறை நிறுத்தியபோதுதான். வெட்டு முடிந்து சிரட்டையில் பால் நிறையக் காத்திருக்கும் நேரத்தில்தான் கை பீடியைத் தேடும் என்றார். இப்போது அந்த நேரம் பார்த்து சித்தி போன் செய்கிறார். கம்மைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டே அவர் பேசுவது இங்கே கேட்கும்.